பெயர் இல்லாத வரிசை

ஜூன் 3

சிவப்புக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் மூலையில் வீசிவிடாதே. நம் விஷயம் எதுவும் இதில் இல்லை. முழுக்க வேலை விஷயம். போனில் சொல்லியிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் உன் அக்காதான் எடுத்து, "அவ குளிச்சிட்டு இருக்கா" என்கிறார். காலையிலும் குளிக்கிறாய், மத்தியானமும் குளிக்கிறாய். சளி பிடித்துக்கொள்ளப் போகிறது. அதனால்தான் தபால்.

கல்யாணமான புதிதில் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தோமே, அந்த ப்ரோக்ராமை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ரெக்கார்டு அறையில் அதே இரண்டு கம்ப்யூட்டர், அதே ஒரு கால் குட்டையான நாற்காலி. போன வாரம் ஹெட் நர்ஸம்மா கூப்பிட்டு, "தம்பி, உங்க ப்ரோக்ராம் பொய் சொல்லுது" என்றார்கள். "ப்ரோக்ராம் பொய் சொல்லாதும்மா, டைப் அடிச்சவங்க தப்பா அடிச்சிருப்பாங்க" என்றேன். நான் எப்போதும் சொல்லும் பதில்தான். "நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

நடந்தது இது. ஒரு தையல்காரப் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி, செக்கப்புக்கு வந்திருக்கிறாள். கிளார்க் அவளுடைய பழைய அட்டை எண்ணைத் தட்டி, கேஸ் ஷீட்டை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் 'முதல் பிரசவம்' என்று வந்திருக்கிறது.

"இது முதல் இல்லீங்க. ரெண்டாவது" என்றிருக்கிறாள்.

"சிஸ்டத்துல முதல்னுதாம்மா இருக்கு."

"ரெண்டு வருஷம் முந்தி இதே ஆஸ்பத்திரியிலதாங்க..."

"குழந்தை இப்ப யார்கிட்ட இருக்கு?"

"இல்லைங்க. பொறக்கும்போதே உயிர் இல்லை."

"அப்போ இதுதானேம்மா முதல்?"

கிளார்க் கெட்ட மனுஷர் இல்லை. பின்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அவள் கத்தவில்லையாம். காகிதத்தை மேஜைமேல் வைத்து, "சிஸ்டமா பெத்துச்சு? நான்தானே பெத்தேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தும் நகரவில்லை. நர்ஸம்மா வந்து, முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போன தடவை கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறித்தான் குழந்தை போனது. அது தெரியாமல், முதல் பிரசவம் என்று நினைத்தே டாக்டர் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸம்மா என்னைக் கேட்டார்கள். நான் நாற்காலியின் குட்டைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடைந்து குடைந்து பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, அவள் குழந்தையை மட்டும் காணோம். ப்ரோக்ராமைச் சோதிக்க நீ எழுதிய டெஸ்ட்கள் எல்லாம் உன் கம்ப்யூட்டரோடு போய்விட்டன. அனுப்புவாயா?

வேறு ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது.

அவசரம்


ஜூன் 9

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலை விஷயம் என்பதால் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்து கையை எடுங்கள். அதற்கு ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே, ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராமில் நீங்கள் கையை விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவசரம் என்று சும்மாவா பெயர் வைத்தேன்.

குடைந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைக் குடைந்தீர்கள்? கிளார்க் செய்ததை அப்படியே செய்து பார்த்தீர்களா? அதே திரை, அதே அட்டை எண். தப்பு உங்கள் கண்முன்னால் ஒரு தடவை நடக்கவேண்டும். கூப்பிட்டால் வராத தப்பை விரட்டவும் முடியாது. அது வந்த பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். ஒரே மூச்சில் நாலு இடத்தில் மாற்றிவிட்டு, எது சரி செய்தது என்றே தெரியாமல், "ஓடுதுல்ல, விடு" என்று எழுந்து போகவேண்டாம்.

இன்னொன்று. ஒருத்தியின் குழந்தையைக் காணோம் என்றால் அது ஒன்றைத்தான் காணோம் என்று எண்ணாதீர்கள். நகராமல் நின்றவள் இவள் ஒருத்தி, அவ்வளவுதான்.

டெஸ்ட்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நேற்று ஆபீஸ் முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரட்டைக் குழந்தை பிறந்தால் இரண்டும் தாயின் கணக்கில் ஏறுகிறதா என்று ஒன்று. தாய் வீடு மாறிப் போனால் பழைய பதிவு கூடவே வருகிறதா என்று ஒன்று. ஒரே பெயரில் இரண்டு தாய்மார்கள் ஒரே நாளில் வந்தால் குழந்தைகள் மாறிப்போகின்றனவா என்று ஒன்று. ப்ரோக்ராமில் ஒரு வரி எழுதும் முன்னால், அது என்ன செய்யவேண்டும் என்கிற டெஸ்ட்டைத்தான் முதலில் எழுதுவேன். இல்லாத ப்ரோக்ராமைச் சோதித்தால் திரை சிவப்பாகத்தான் வரும். எழுத எழுதத்தான் பச்சையாகும். அதற்காகத்தான் ஆபீஸில் எனக்கு சிவப்பு என்று பெயர் வைத்தீர்கள். இனி அந்தப் பெயரில் எழுதவேண்டாம்.

இறந்து பிறக்கும் குழந்தைக்கு டெஸ்ட் இல்லை. முழுக்கத் தேடிவிட்டேன். அப்படி ஒன்று நடக்கும் என்று அப்போது நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எனக்கு இங்கே ஒரு லாரி கம்பெனியில் வேலை. எந்த லாரி எந்தச் சரக்கோடு எங்கே நிற்கிறது என்று சொல்லும் ப்ரோக்ராம். முதல் நாள் என் திரையைப் பார்த்துவிட்டு முதலாளி, "என்னம்மா, வந்ததும் எல்லாத்தையும் சிவப்பாக்கிட்டே? வைரஸா?" என்றார். அக்கா வீட்டில் தண்ணீர் மோட்டாரை ஒட்டிய அறை எனக்கு. குறை ஒன்றுமில்லை.

வக்கீல் அனுப்பும் காகிதங்களில் பென்சில் குறி இருக்கும் இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.


ஜூன் 16

எப்படிக் கூப்பிடக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். எப்படிக் கூப்பிடுவது என்று எழுதவில்லை. அதனால் கூப்பிடாமலே ஆரம்பிக்கிறேன்.

'உங்கள் கடிதம்' என்று படித்ததும், பின்னால் யாராவது பெரியவர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை 'டேய்' என்றவள் நீ. கல்யாணத்துக்கு அப்புறம் என் அம்மா முன்னால் மட்டும் 'என்னங்க' என்பாய். அறைக்குள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். இந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். நீ திட்டியபடியே செய்தேன். பிரதி எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து, கிளார்க் தட்டியதையே தட்டினேன். 'முதல் பிரசவம்' என்று வந்தது. தப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பிறகு, பதிவுகள் வரிசை வரிசையாக இருக்கும் டேபிளை நேராகத் திறந்தேன். அவள் குழந்தை அங்கே இருக்கிறது! பிறந்த தேதி, நேரம், ஆண், எடை, 'உயிர் இல்லை' என்கிற கட்டத்தில் டிக். ஒன்றும் அழியவில்லை. இருந்தும் திரைக்கு வரவில்லை. அங்கிருந்து வரி வரியாக வந்தேன், உன்னை மாதிரியே ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து. பெற்றவர்கள் பெயரை யோசித்துத்தான் வைப்பார்கள் என்று குழந்தையை ஒரு டேபிளிலும் பெயரை இன்னொரு டேபிளிலும் வைத்தோம் அல்லவா? கேஸ் ஷீட் இரண்டையும் இணைத்துத்தான் பட்டியல் எடுக்கிறது. இந்தப் பக்கக் குழந்தைக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர் இருந்தால்தான் அந்த வரிசை வெளியே வரும். உயிரோடு வீட்டுக்குப் போகிற குழந்தைக்கு 'இன்னாருடைய மகள்' என்றாவது எழுதாவிட்டால் டிஸ்சார்ஜ் அட்டை அச்சாகாது. அதனால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இறந்து பிறந்த குழந்தைக்கு டிஸ்சார்ஜ் ஏது, அட்டை ஏது? பெயர்ப் பக்கம் காலி. சத்தமே இல்லாமல் வரிசை கீழே விழுந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், முந்தைய பிரசவம் எதுவும் கைக்கு வராததால் கேஸ் ஷீட் ஒரு பிழையைக் கிளப்பத்தான் செய்கிறது. ஆனால் மேலேயே ஒரு கட்டளை உட்கார்ந்திருக்கிறது: பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ. அது போகிறது. எண்ணிக்கை ஆரம்பத்தில் இருந்த பூஜ்யத்திலேயே நிற்கிறது. 'முதல் பிரசவம்' என்று கூசாமல் அச்சடித்துவிடுகிறது.

சரி செய்வது சுலபம். பிரதியில் அந்தக் குழந்தைக்குப் பெயர்ப் பக்கத்தில் 'பெயரில்லை' என்று ஒரு வரிசை சேர்த்தேன். உடனே 'இரண்டாவது பிரசவம்' வந்துவிட்டது. மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இப்படி விட்டுப்போன எல்லாவற்றுக்கும் 'பெயரில்லை' என்று நிரப்பிவிடுகிறேன். யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை, ஒரே கட்டளை போதும்.

வக்கீல் காகிதம் வந்தது. வைத்திருக்கிறேன்.

அவசரம்


ஜூன் 22

நிரப்பாதே.

தப்பு இருப்பது ப்ரோக்ராமில். நீ குழந்தைகள்மேல் ஒட்டுப் போடுகிறாய். அடுத்த மாதம் இன்னொருத்திக்கு இப்படிப் பிறக்கும். 'பெயரில்லை' என்று அடிக்க கிளார்க் மறப்பார். அவளும் வந்து அந்த மேஜைக்கு முன்னால் நிற்பாள். பெயர் இருந்தால்தான் இடம் என்று எழுதி வைத்திருக்கிறோமே, அதைத் திருத்து. அந்தப் பக்கம் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் வரவேண்டும். பிழையைக் கண்டுகொள்ளாதே என்கிற கட்டளையைப் பிடுங்கி எறி. பிழை வந்தால் நிற்கட்டும். கத்தட்டும்.

அந்தக் கட்டளையைப் பற்றி நீ வேடிக்கையாக எழுதியிருந்ததைப் படித்தேன். நம் வீட்டில் ஓடியதும் அதுதானே? ஆஸ்பத்திரியில் இருந்து நான் வந்து இறங்கியபோது தொட்டிலைக் காணோம். அந்த அறைக்கு வெள்ளை அடித்து உன் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தாய். பெயின்ட் காயக்கூட இல்லை, என் புடவையில் ஒட்டிக்கொண்டது. "காத்தோட்டமா இருக்கட்டும்னு மாத்தினேன்" என்றாய்.

எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் அம்மா, உன் அம்மா, உன் அப்பா, நீ, எல்லோரும் கூடிப் பேசி, நான் குழந்தையைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்துவிட்டீர்கள். எப்படி இருந்தாள் என்று உன்னைக் கேட்டேன். "முதல்ல சாப்பிடு" என்றாய். மறுநாள் கேட்டேன். "தையல் பிரிஞ்சிடும், எழுந்திரிக்காதே" என்றாய். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், உன் பிறந்தநாளன்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு வேறு ஏதாவது ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும். கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் பெட்டியைக் கட்டினேன்.

யார் யார் என்று பார்க்கத் தேவையில்லையாம்! நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். என் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். என்ன வந்தது?

கவருக்குள் பென் டிரைவ் இருக்கிறது. பழைய டெஸ்ட்களோடு புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். பெயர் இல்லாத குழந்தையும் தாயின் கணக்கில் வரவேண்டும் என்று. திருத்துவதற்கு முன்னால் அதை ஓட்டு. சிவப்பு வரவேண்டும். வந்ததைப் பார்த்த பிறகு திருத்து.

டெஸ்ட்டுக்கு ஒரு தாயும் குழந்தையும் வேண்டுமே. இன்னொருத்தியைக் கற்பனை செய்ய எனக்கு மனம் வரவில்லை, என்னையே போட்டேன். தேதி தெரியும். பெண் என்று தெரியும். எடை தெரியவில்லை, என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ போடு.


ஜூலை 2

ஆமாம், உன் எண்ணைத் தட்டினேன். நர்ஸம்மா கூப்பிட்டுப் போன அன்றைக்கே, அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு அடுத்தபடியாக உன்னுடையதைத்தான் தட்டினேன். 'முந்தைய பிரசவம் எதுவும் இல்லை' என்று வந்தது. கிளார்க் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரையை அணைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கு முதல் கடிதம் எழுதினேன். நம் விஷயம் இதில் இல்லை என்று எழுதியதுதான் அதில் முதல் பொய்.

உன் டெஸ்ட்டை ஓட்டினேன். சிவப்பு வந்தது. வரவேண்டிய குழந்தை 1, வந்தது 0. தப்பு கைக்குச் சிக்கிவிட்டது என்று நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டிய இடம். டீ ஆறி ஆடை படியும்வரை அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திருத்தினேன். பெயர் இல்லாவிட்டாலும் குழந்தை வரும்படி இணைப்பை மாற்றினேன். ஓட்டினேன். அந்தக் கட்டளையை எடுத்தேன். ஓட்டினேன். பச்சை. நீ சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான். உன் பழைய டெஸ்ட்களில் இரண்டு திடீரென்று சிவப்பாகின. பயந்துபோனேன். பார்த்தால் அவை வருடக் கூட்டுத்தொகையைச் சோதிப்பவை. கூட்டுத்தொகையும் அதே பட்டியலில் இருந்துதான் எடுத்திருக்கிறோம். இத்தனை நாளும் தப்பான தொகையைத்தான் சரி என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அங்கேதான் இடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதைப் போட்டா பழைய வருஷக் கணக்கெல்லாம் மாறுதே? மேல அனுப்பின ரிப்போர்ட் எல்லாம் தப்புன்னு ஆயிடுமே?" என்றார்.

"தப்புதான் டாக்டர்."

"இனிமே வர்றதுக்கு மட்டும் சரி பண்ணிக் குடு. பழசைக் கிளறாதே."

தையல்காரப் பெண்ணுடையதும் பழசுதான் என்று சொல்லியிருக்கலாம். 'சரி டாக்டர்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அவளுடைய ஃபைலில் மட்டும் நர்ஸம்மா பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

படியிறங்கும்போது கிளார்க் ஓடி வந்து நிறுத்தினார். "சார், நான் அன்னைக்கு அந்தம்மாகிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ராத்திரி சோறு இறங்கலை. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். "விடுங்க, ப்ரோக்ராம் செஞ்ச தப்பு" என்றேன். "ப்ரோக்ராம் அப்படிச் சொல்லுச்சுன்னா, நானும் அப்படியே சொல்லணுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடையைப் பிறகு எழுதுகிறேன்.

அவசரம்


ஜூலை 8

'சரி டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்ததை மறைக்காமல் எழுதினாயே, அந்த மட்டும் நிம்மதி.

திரும்பப் போ. பேனாவால் எழுதியது அந்த ஒரு ஃபைலுக்குத்தான். மற்றவர்கள் யாரும் இன்னும் மேஜைக்கு முன்னால் வரவில்லை, அவ்வளவுதான்.

எடை இல்லாமலும் டெஸ்ட் ஓடும். அதற்கு எடை தேவையே இல்லை, உனக்கும் அது தெரியும். கேட்டது நான்.


ஜூலை 20

பெரிய டாக்டரிடம் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என்னென்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். உள்ளே போனதும் அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"பழசும் வரணும் டாக்டர்" என்றேன்.

"அதான் அன்னைக்கே பேசிட்டோமேப்பா."

"என் பொண்ணும் அந்தப் பழசுல இருக்கா டாக்டர்."

என் பொண்ணு. அப்படி நான் வாய்விட்டுச் சொல்லி, என் காதாலேயே கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த தாளை மடித்துக்கொண்டே நின்றேன். டாக்டர் தனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். என்ன ஆயிற்று, எப்போது என்று ஒன்றும் கேட்கவில்லை. "மாத்திடுங்க. மேல நான் எழுதிக்கறேன்" என்றார். அதுவரை 'ப்பா' போட்டுப் பேசியவர்.

மாற்றிவிட்டேன். அதே வாரம் தையல்காரப் பெண் செக்கப்புக்கு வந்தாள். கிளார்க் எழுந்து நின்று காகிதத்தைக் கொடுத்தார். 'இரண்டாவது பிரசவம்.' கீழே முதல் குழந்தையின் தேதி, ஆண், எடை, ரத்த அழுத்தக் குறிப்பு எல்லாம் இருந்தன. அவள் நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். மடித்தாள். கைப்பையில் வைத்துக்கொண்டாள். "அம்மா, அது ஃபைல்ல வைக்கணும்" என்றார் கிளார்க். "இன்னொண்ணு அடிச்சுக்கோங்க" என்றாள். அவர் இன்னொன்று அடித்துக்கொண்டார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உன் எண்ணைத் தட்டினேன். வந்துவிட்டாள். எடை இரண்டு கிலோ நூறு கிராம்.

அதை எனக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்தக் கையில்தான் இருந்தாள்.

நர்ஸம்மா வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தலை நிறைய முடி. ஈரமாக ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. நெற்றி உன்னுடையது, சந்தேகமே இல்லை. மூக்கு என்னுடையது, பாவம், அது ஒன்றுதான் நான் கொடுத்தது. இடது காது மடல் மேலே கொஞ்சம் மடிந்திருந்தது. விரலால் நிமிர்த்திவிட்டேன். கையை எடுத்ததும் மறுபடி மடிந்துகொண்டது. இரண்டு மூன்று தடவை நிமிர்த்தினேன். நகங்கள் நீளமாக இருந்தன, வெட்டிவிடவேண்டும்போல. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் வலி மாதிரி எதுவும் இல்லை. இதை நீ நம்பவேண்டும். உடம்பில் சூடு இருந்தது. அது உன் சூடு. அது ஆறும்வரை கீழே வைக்கவில்லை. அப்பா தோளைத் தொட்டு, "போலாம்டா" என்றார். ஆறிவிட்டதா என்று இன்னொரு முறை கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நீ கேட்கும்போதெல்லாம் இது அத்தனையும் தொண்டைவரை வரும். நெற்றி உன்னை மாதிரி என்று ஆரம்பித்தால், "எனக்குக் காட்டு" என்பாய். எங்கே போய்க் காட்டுவேன்? அதனால்தான் சாப்பிடு, தூங்கு, மருந்து குடி என்று உளறினேன். அந்த அறைக்கு வெள்ளை அடித்ததும் அப்படித்தான். தொட்டில் இருந்தால் அதைப் பார்த்து நீ கேட்பாய் என்று.

வக்கீல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும், கிழித்துப் போட்டுவிடலாம். எழுதுவாயா?


ஜூலை 28

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் வேலை செய்தேன். என்ன வேலை செய்தேன் என்று கேட்காதே; ஒரு லாரியை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று முதலாளி சொன்னார்.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து சத்தமாகப் படித்தேன். காது மடல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அக்கா வாங்கிப் படித்தாள். முடித்ததும் என் தலைமுடியை விலக்கிக் காதைப் பார்த்து, "உனக்கும் அப்படித்தான்டி மடிஞ்சிருந்துச்சு. அம்மா உக்காந்து நீவி நீவித்தான் நிமித்துனாங்க" என்றாள். எனக்கு இது தெரியாது. இவ்வளவு நாளில் யாரும் சொன்னதில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

எடையைப் போட்டு டெஸ்ட்டை இங்கேயும் ஓட்டினேன். பச்சைதான். கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், இரண்டு கிலோ அரிசிப் பையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். அக்கா பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். இவ்வளவு கனம் இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. என் மனசில் அவள் ரொம்பச் சின்னவளாக இருந்தாள்.

கிழித்துவிடு என்று எழுதலாமா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். எழுத வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. உன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இதை நீ அன்றைக்குச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து அழுதிருப்போம். இப்போது தனித்தனியாக அழுது பழகிவிட்டோம். அங்கே வந்தால், அந்த அறைக் கதவைத் தாண்டித்தான் நான் சமையலறைக்குப் போகவேண்டும், காலையும் மாலையும். என்னால் ஆகாது. நீயும் ஒவ்வொரு தடவையும் நான் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். உன்னாலும் ஆகாது.

கோர்ட்டில் இரண்டு பேரும் நேரில் வந்து நிற்கவேண்டுமாம். ஆகஸ்ட் கடைசி வாரம் என்று வக்கீல் சொல்கிறார். காலையில் வந்து இறங்கி, சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவேன். உன் அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லவேண்டாம், பாவம், ஏதாவது சமைத்து வைத்துக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

கோர்ட் வேலை முடிந்ததும் நீ உடனே கிளம்பிவிடாதே. அவளை வைத்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. அடையாளம் எதுவும் வைத்திருக்கமாட்டீர்கள். ஆனாலும் உனக்கு இடம் தெரியும்தானே? தெரியும் என்று எழுது. பஸ் அதுவரை போகுமா, இல்லை இறங்கி நடக்கவேண்டுமா என்றும் எழுது. அந்த மாதம் அங்கே மழை பெய்யும். தரை சேறாக இருக்குமா? இருக்கும் என்றால் அதற்குத் தகுந்த செருப்பாகப் போட்டுக்கொண்டு வருகிறேன்.